மலையேறும் கேரவனில் நாய்க்குப் படுக்கை

கம்பம் ஊரில் மத்தியானம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்த நாய், குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம், ஏலப்பாறை வழியாக வாகமண் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே, வாலுக்குள் மூக்கைப் புதைத்துச் சுருண்டு நடுங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதோடு மழைக்காற்றும் வண்டியின் தகரத் தரையும் சேர்ந்துகொள்ளும். பொள்ளாச்சியிலிருந்தோ தேனியிலிருந்தோ தென்காசியிலிருந்தோ கேரளத்துக்குள் நாயோடு கேரவனில் போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஒரே பயணத்தில் நாய்க்கு இரண்டு விதப் படுக்கை தேவைப்படும். இரண்டும் வண்டிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. முதல் கேரவன் பார்க், அதாவது கேரவனை நிறுத்தித் தங்கும் இடம், வாகமண்ணில் வந்தது. வாடகை கேரவன் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் இப்போது எட்டுகிற விஷயம்தான். வண்டியைப் பேசும்போதே "நாய் ஏறலாமா, படுக்கையறைப் பகுதியில் இருக்கலாமா, முடி கொட்டினால் சுத்தம் செய்ய எவ்வளவு பிடிப்பீர்கள்" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்திலும் தனியாகக் கேளுங்கள். வண்டிக்காரர் சரி என்றாலும் பார்க்கில் நாயை விடாமல் இருக்கலாம்.

உள்ளேதான் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? வெளிநாட்டு வீடியோக்களில் கேரவன் ஓரத்துப் பந்தலுக்குக் கீழே நாய் அழகாகக் கட்டிக் கிடக்கும். அதைப் பார்த்து இங்கேயும் செய்கிறார்கள். வால்பாறை, மூணாறு, பீர்மேடு தேயிலைக் காடுகளில் சிறுத்தை உண்டு. எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், நாய் காணாமல் போனால் முதலில் சிறுத்தையைத்தான் நினைப்பார்கள். கட்டிப்போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை. துணிப் பந்தலும் வலைக் கூடாரமும் சிறுத்தைக்கு ஒரு தடையே இல்லை. யானை விஷயம் வேறு மாதிரி. அவிழ்த்துவிட்ட நாய் யானையைப் பார்த்தால் குரைத்துக்கொண்டு முன்னால் போகும். யானை திரும்பினதும் நேராக உங்கள் காலடிக்கு ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும். மழைக்காலத்தில் இதற்கு மேல் பாம்பும் அட்டையும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகு நாய் வெளியே இருப்பது, பெல்ட்டோடு உங்கள் கையில் இருக்கும் பத்து நிமிடம் மட்டுமே.

சரணாலயங்களுக்குள் வளர்ப்பு நாய்க்கு அனுமதி கிடையாது. தேக்கடியில் படகு, பரம்பிக்குளத்தில் சபாரி என்று திட்டம் போட்டுவிட்டு நாயை வண்டிக்குள் பூட்டிப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் நாயோடு நிழலில் தங்கியே ஆக வேண்டும். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் போகும் சாலையிலும் நடுவில் நிறுத்தி நாயை இறக்காதீர்கள். செக்போஸ்ட்டுக்கு முன்பே சிறுநீர் கழிக்கவிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே எங்கே?

டிராவலர் வண்டியில் கட்டிய கேரவன்களில் பெரும்பாலும் பின்பக்கம் கட்டில், நடுவில் நடக்கும் வழி, ஒரு ஓரம் சமையல் மேடை, பக்கவாட்டில் கதவு. நாய் தானாகப் போய்ப் படுக்கும் இடம் கதவு ஓரம், ஏனென்றால் அங்கேதான் கீழிடுக்கில் வெளிவாசனை வரும். அந்த இடம் சரிப்படாது. ராத்திரி முழுக்க வாசனை பிடித்து உறுமிக்கொண்டே இருக்கும், யாராவது கதவைத் திறந்தால் ஒரே பாய்ச்சலில் வெளியே போய்விடும். கட்டிலின் தலைமாட்டுப் பக்கமோ கால்மாட்டுப் பக்கமோ, கதவிலிருந்து குறைந்தது நாலடி தள்ளி, உங்கள் கை எட்டும் தூரத்தில் இடம் பாருங்கள். கை தொங்கவிட்டால் நாயின் முதுகு தட்டுப்பட வேண்டும். புது இடத்தில் நாயை அமைதிப்படுத்த இதைவிடப் பெரிய வித்தை கிடையாது.

கேஸ் சிலிண்டர் வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கை போடவே கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து கீழேதான் தேங்கும். கட்டிலில் படுத்திருக்கும் நமக்கு வாசனை தட்டுவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் நாய் அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கும். படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடுவதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இன்னும் மோசம். 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நாய்க்கு ஏசி வேண்டும் என்று ஜெனரேட்டரையோ எஞ்சினையோ ஓடவிட்டுத் தூங்காதீர்கள். மின் இணைப்பு தரும் பார்க்கில் தங்கினால் ஏசி போடுங்கள். இல்லையென்றால் ஏசி இல்லாமல் தூங்கக்கூடிய உயரத்துக்கு ஏறிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் தலை உயரத்தில் மாட்டுங்கள். கேஸ் அலாரம் இருந்தால் அது தரையை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் பயனில்லை.

இனி படுக்கை. கடையில் விற்கும் வட்ட மெத்தைகள் வீட்டு ஹாலுக்குச் சரி. கேரவனில் அவை நடைவழியை அடைக்கும், ஓட்டும்போது வழுக்கி நகரும், அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். நாய் படுக்கையில் மேலே என்ன விரிக்கிறோம் என்பதைவிட அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். தகரத் தரை மலையில் சீக்கிரமே குளிர்ந்துபோகும். நாயின் உடம்புச் சூட்டை ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே நாலு போர்வை போட்டாலும் அடியிலிருந்து போகிற சூட்டை நிறுத்த முடியாது.

அளவு எடுக்க, நாய் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை டேப் பிடியுங்கள். அதோடு ஆறு முதல் எட்டு இன்ச் கூட்டினால் படுக்கையின் நீளம். லேப்ரடாருக்குப் பெரும்பாலும் 42க்கு 28 இன்ச் போதும். ராஜபாளையத்துக்கு நாலடிக்கு இரண்டரை அடி கேட்கும். அதற்கு வண்டியில் இடம் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நேரில் போய் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்த அளவில் 12 மில்லி மீட்டர் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். லேப்ரடார் அளவுக்கு சுமார் ஆறு கிலோ வரும். பலகை முழுக்க அரையடிக்கு ஒன்றாக அரை இன்ச் துளை போடச் சொல்லுங்கள். இந்தத் துளைகளை விட்டுவிட்டால் இரண்டாம் நாளே மெத்தையின் அடியில் ஈரம் தேங்கி, நாலாம் நாள் பூஞ்சை வாடை வரும். பலகையின் கீழே நாலு மூலையிலும், நீளவாக்கில் நடுவில் இரண்டுமாக, ஒரு இன்ச் உயர ரப்பர் புஷ் ஆறு திருகுங்கள். திருகுத் தலை ரப்பருக்குள் அமுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியின் வினைல் தரையைக் கீறிவிடும். கீறலுக்குப் பணம் பிடிப்பார்கள். ரப்பர் புஷ் இரண்டு வேலை செய்கிறது: தரைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுக்கு வழி விடுகிறது, வளைவுகளில் பலகை வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. ஓரங்களை உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள்.

பலகைக்கு மேலே முதலில் பத்து மில்லி மீட்டர் பேக்கிங் ஃபோம் ஷீட். டிவி, ஃப்ரிட்ஜ் அட்டைப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ஷீட்தான், கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். காற்றுக் குமிழ்கள் அடைத்த ஷீட் என்பதால் குளிரைத் தடுக்கும், தண்ணீரையும் உறிஞ்சாது. பலகைத் துளைக்கு நேராக இதிலும் துளையிடுங்கள். அதற்கு மேல் இரண்டு இன்ச் ரப்பர் காயர் மெத்தைத் துண்டு. பொள்ளாச்சி தென்னை நார் ஊர், நம் பக்கத்தில் காயருக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கிப் போகாது, உள்ளே காற்று ஓடும். போதுமா என்று பார்க்க முழங்கையை மெத்தையில் ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுங்கள். பலகை தட்டுப்பட்டால் இன்னொரு இன்ச் வேண்டும். பெரிய நாய்கள் முழங்கையை ஊன்றித்தான் படுக்கும். மெத்தை போதாவிட்டால் அங்கே தோல் காய்த்து, சிலசமயம் நீர் கோத்து வீங்கும்.

மெத்தைக்கு ரெக்சின் உறை, ஜிப் அடிப்பக்கம் இருக்கும்படி. ஜிப் பக்கவாட்டில் இருந்தால் போரடிக்கும் நாய் அதைத்தான் கடிக்கும். ரெக்சினுக்கு மேலே வெறுமனே படுக்கவிடாதீர்கள். வழுக்கும், வெயில் காலத்தில் சுடும். வீட்டில் அது தினமும் படுக்கும் பழைய விரிப்பை, துவைக்காமல், அப்படியே கொண்டுவந்து மேலே போடுங்கள். அந்த வாசனைதான் அதற்கு வீடு.

கடிக்கிற பழக்கம் உள்ள குட்டிக்குக் காயர் வேண்டாம். நார் வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். அதற்குப் பதில் பவானி ஜமுக்காளத்தை நாலாய் மடித்து ஃபோம் ஷீட் மேல் விரியுங்கள். நனைந்தால் அலசிக் காயப்போடலாம்.

இது மலைக்கான படுக்கை. சமவெளியில் இதே மெத்தை நாயைப் புழுங்கவைக்கும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் நாற்பதை ஒட்டிப் போகும். அங்கே தங்கும் ராத்திரி காயரையும் ஃபோமையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, துளை போட்ட பலகையில் கோரைப்பாயை மட்டும் விரியுங்கள். இடம் இருந்தால் நாலு கால் வைத்த வலைக் கட்டில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், இன்னும் நல்லது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கிறது, காற்றில் ஈரம் கூடக்கூட அதுவும் பலிக்காது. நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, எச்சில் பிசின் மாதிரி கெட்டியாகி, நடை தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியை நேராகத் திருப்பிவிட்டு, சூடு தணிந்துவரும்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவைப்பது தப்பு, துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

ஒவ்வொரு இனத்துக்கும் இந்தக் கணக்கு மாறும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் மெல்லிய தோலும் உள்ள ஓட்ட நாய்கள். உடம்பில் கொழுப்பு இல்லை, முடி குட்டை. ஜனவரியில் மூணாறு எஸ்டேட் பக்கம் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும் நாட்களில் அவற்றுக்கு மெத்தை போதாது. மார்பையும் வயிற்றையும் மூடும் பருத்தி உள்வைத்த சட்டை ஒன்றும், மேலே லேசான கம்பளியும் வேண்டும். கோம்பை நாய்க்கு மலைக்காற்று புதிதல்ல, கோம்பை ஊரே மேற்கு மலையடிவாரத்தில் உத்தமபாளையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் காவல் குணம் கூடுதல், வெளியே சத்தம் கேட்டால் தூங்காது. லேப்ரடாருக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, சமவெளி ராத்திரிதான் சிரமம். பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களை ஏப்ரல், மே மாதம் கேரவனில் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. படுக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றின் மூச்சுக்குழலை நாம் மாற்ற முடியாது.

கூண்டா, திறந்த படுக்கையா என்று பலரும் குழம்புகிறார்கள். வீட்டில் கூண்டில் தூங்கிப் பழகிய நாய் என்றால் கூண்டுதான் மேல். ஓடும்போது பாதுகாப்பு, நின்ற பிறகு அதுவே படுக்கை. நாய் நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் இரண்டு மூன்று இன்ச் இருக்க வேண்டும், ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்க முடிய வேண்டும். மூன்று பக்கம் துணி போட்டு மூடி, உங்களைப் பார்த்த பக்கத்தைத் திறந்து வையுங்கள். கூண்டை ராட்செட் பெல்ட் போட்டு இருக்கையின் காலோடு இறுக்குங்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. கட்டாத கூண்டு ஒவ்வொன்றிலும் நகரும். கூண்டே பார்க்காத நாயைப் பயணத்தன்று முதன்முதலாக அடைத்தால் ராத்திரி முழுக்கப் பிறாண்டி நகம் பிய்ந்துபோகும். பத்து நாள் முன்னதாகவே வீட்டில் பழக்குங்கள்: முதல் மூன்று நாள் கதவு திறந்தபடி உள்ளே சாப்பாடு, அடுத்த மூன்று நாள் பகல் தூக்கம், பிறகு ராத்திரி. புதுப் பலகைப் படுக்கைக்கும் இதே பழக்கம் வேண்டும்.

திறந்த படுக்கை என்றால் சின்னக் கயிறு ஒன்று கட்டாயம். கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், மார்பைச் சுற்றிய ஹார்னஸில் கட்டுங்கள். படுக்கையில் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு நீளம் போதும், கதவை எட்டக் கூடாது. மெல்லும் நாய்க்குக் கயிறுக்குப் பதில் பிளாஸ்டிக் பூசிய கம்பி. நாய் உங்களோடு மேல் கட்டிலில் படுக்கிறது என்றால் கட்டவே கட்டாதீர்கள். ராத்திரி குதித்தால் தொங்கிப்போகும். டாஷண்ட் மாதிரி நீள முதுகு நாய்களையும் வயதானவற்றையும் மேல் கட்டிலில் ஏற்றவே வேண்டாம், நாலடியிலிருந்து ஒரு குதி குதித்தாலே முதுகெலும்பு வட்டு பாதிக்கப்படலாம்.

காற்றோட்டத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பது பற்றாது. எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும், ஒன்று உயரத்தில் இருந்தால் நல்லது. இரண்டு இன்ச் இடைவெளி, கொசுவலை, நாய் மூக்கை நுழைக்க முடியாத கம்பி. மலையில் குளிர் என்று எல்லாவற்றையும் மூடினால் நம் மூச்சும் நாயின் மூச்சும் சேர்ந்து விடிகாலையில் கண்ணாடியில் தண்ணீராய் வழியும். அது சுவர் வழியாக இறங்கி நாய் படுக்கையைத்தான் நனைக்கும். படுக்கையைச் சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளிப் போடுங்கள். சாரல் காலத்தில் செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் காற்று கணவாய் வழியாகச் சீறும். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தினால் பக்கவாட்டு ஜன்னலைத் திறக்கலாம், வண்டியும் ஆடாது. 12 வோல்ட் சின்ன விசிறி 12 வாட் என்றால் ஒரு ஆம்பியர் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு எட்டு ஆம்பியர்-ஹவர். வீட்டுப் பகுதிக்குத் தனி பேட்டரி உள்ள வண்டியில் இது பெரிய சுமையில்லை. விசிறியின் இரைச்சல் வெளியே மிளா மான் கத்துவதையும் குரங்கு சத்தத்தையும் அமுக்கிவிடும், குரைப்பு பாதியாகக் குறையும். கொசுவர்த்திச் சுருளை மூடிய வண்டிக்குள் ஏற்ற வேண்டாம், அந்தப் புகை நேராகத் தரையில் கிடக்கும் நாயின் மூக்குக்குத்தான்.

பகலில் நிறுத்திய வண்டியில் நாயைத் தூங்கவிட்டுச் சாப்பிடப் போவது வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட இருபது டிகிரி கூடிவிடும். அதில் பெரும்பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ராத்திரி வேலை வரிசையைச் சொல்கிறோம். மலையேற்றத்துக்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள், இல்லையென்றால் வளைவில் வாந்தி படுக்கையில்தான். ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். ஒன்பது, ஒன்பதரைக்கு டார்ச்சோடு வெளிச்சம் உள்ள தரையில் கடைசி நடை, புல்லுக்குள் போகாமல். திரும்பி வந்ததும் கதவுப் படியிலேயே நிறுத்திக் காலைத் துடையுங்கள். விரல் இடுக்கு, காது மடல், கக்கம், வாலடி என்று கையால் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் விரல் இடுக்கில் நூல் மாதிரி அட்டை இருக்கும். நகத்தை அட்டையின் வாய்க்கும் தோலுக்கும் நடுவே வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். எஸ்டேட் தொழிலாளர்கள் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொள்வதைப் பார்த்து நாய்க்கும் தடவாதீர்கள். அது நக்கிவிடும், புகையிலை நாய்க்கு விஷம். அட்டை மூக்குத் துவாரத்துக்குள் போயிருந்தால் நீங்களே இழுக்காமல் மருத்துவரிடம் போங்கள். உண்ணி படுக்கையில் விழுந்தால் பயணம் முடிந்த பிறகும் வீட்டில் பெருகும். உண்ணி மாத்திரை பயணத்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட்டு. ரேபிஸ் ஊசி முதல் தடவை போடுகிறவர்கள் 21 நாளாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி அந்த வருடத்துக்குப் போட்டிருக்கிறதா என்று தடுப்பூசிக் கார்டில் பாருங்கள். மழையில் தேங்கிய தண்ணீர்தான் அந்த நோய்க்கு வழி, நாய் எங்கே வாயை வைக்கும் என்று சொல்ல முடியாது.

வாடகை வண்டியில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகளையும் போர்வை வைக்கும் அறையையும் திறந்து, பாச்சை உருண்டை இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பாருங்கள். கம்பளிக்குப் பூச்சி வராமல் போட்டு வைத்திருப்பார்கள். வெள்ளையாக உருளும் அந்த உருண்டையை நாய் வாயில் போட்டுக்கொண்டால் ரத்தத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஒரு டப்பாவில் அடைத்து வண்டியை ஒப்படைக்கும்போது திருப்பிக் கொடுங்கள்.

முதல் ராத்திரி நாய் முனகும். கொஞ்சினால், "முனகினால் கொஞ்சல் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்ளும், அதட்டினால் இன்னும் பயப்படும். பேசாமல் கையை மட்டும் கீழே தொங்கவிட்டு முதுகில் வையுங்கள். இருபது நிமிடம் கழித்தும் அடங்காமல், எழுந்து எழுந்து சுற்றினால் சிறுநீர் முட்டுகிறது என்று அர்த்தம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, டார்ச்சை நாலாபக்கமும் அடித்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள். தூக்க மாத்திரை என்று நம் மருந்துப் பையிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் விரிப்பை உதறி, பலகையைச் சுவரில் சாய்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். பலகையின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் ராத்திரி ஜன்னல் இன்னும் ஒரு இன்ச் திறந்திருக்க வேண்டும்.